என் தவறுக்காக மஞ்சுளாவை மன்னித்தேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெங்களூரில் மழையா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

"அப்பா, எங்க டீமுக்கு ஒரு ஆள் எடுக்கறோம். மஞ்சுளான்னு, தளிப் பக்கம். உங்க கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருந்திருக்காங்க. ஆள் எப்படிப்பா?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "வேணாம்பா. நல்ல பொண்ணுதான், ஆனா கொஞ்சம் அவசரக்காரி. ஓடிக்கிட்டிருக்கற சிஸ்டத்துல கை வைக்க விட முடியாது" என்றேன். 'நல்ல பொண்ணுதான்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன் பார், அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. நீ, "நல்லவேளைப்பா, முன்னாடியே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். வெள்ளிக்கிழமை நீங்கள் முடிவு செய்யப்போவதாகச் சொன்னாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இதை உனக்கு மட்டும் போனில் சொல்லித் திருத்தியிருக்கலாம். ஆனால் நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டு, ஒருவன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்திச் சொல்வது திருத்தம் ஆகாது. அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன் மேலாளரிடம் காட்டு, உன் டீமில் எல்லோருக்கும் காட்டு. அவர்களுக்காகவும் உன் அம்மாவுக்காகவும், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனிக்கு நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக வந்தேன். இன்று பிளாட்பார்ம் ஹெட் என்று என் மேசையில் போர்டு இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சர்வர், அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குளிரூட்டிய அறை. பிறகுதான் எல்லாவற்றையும் கன்டெய்னருக்கு மாற்றினோம். "லாரியில போவுமே, அந்தக் கன்டெய்னரா?" என்று உன் அம்மா கேட்டாள். கல்யாணச் சமையல்காரர் தன் அடுப்பு, அண்டா, கரண்டி, மளிகை எல்லாவற்றோடும் வந்து எந்த மண்டபத்தில் இறங்கினாலும் சமைத்துப் போடுவார் இல்லையா, அது மாதிரி ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டியதோடு கட்டி வைப்பதுதான் கன்டெய்னர் என்று அவளுக்குச் சொன்னேன். எந்தச் சமையல்காரரை எந்த மண்டபத்தில் இறக்குவது, ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே இன்னொருவரை எப்படி நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் மேனேஜர்தான் குபர்நெட்டிஸ். "அப்ப நீங்க என்ன பண்றீங்க?" என்றாள். அதற்கு அன்றைக்கு நல்ல பதிலாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையில் நான் செய்தது விதிகளை எழுதியதுதான். அவற்றில் தலையான விதி, எழுதாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது. எந்த மென்பொருளுக்கு எவ்வளவு மெமரி, எந்தப் பிரிண்டர், எந்த முகவரி என்று எல்லாம் ஓர் இடத்தில் எழுதி இருக்கும். யாராவது அதில் ஒன்றைத் திருத்தினால் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு ஒரு புரோகிராம் அங்கே எழுதியிருக்கிறபடியே எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடும். எழுதாமல் யாராவது கையால் நேராக எதையாவது மாற்றியிருந்தால், அடுத்த திருத்தம் வரும்போது அது அழிந்து பழையபடி ஆகிவிடும். இதைப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நான் பாடமாக எடுத்தேன். மஞ்சுளாவுக்கும் எடுத்தேன். கேள்வி கேட்டு உயிரை வாங்குவாள், நானும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நீயும் அம்மாவும் எங்கள் ஃபேக்டரிக்கு வந்தீர்களே, அந்த மதியம்தான் எல்லாம் ஆரம்பித்தது. இந்த ஊரில் ஃபேக்டரி பூஜை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டால் விடுமுறை முடிந்து திறக்கும்வரை அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்களுக்குத்தான் இப்போது சர்வர் அறை கிடையாதே, அதனால் பையன்கள் சுவரில் இருக்கும் பெரிய திரைக்கு மாலை போட்டு ஓரத்தில் குங்குமம் வைத்தார்கள். அந்த வழக்கத்தையே நானும் விதியாக்கியிருந்தேன். குங்குமம் வைத்த பிறகு, கதவு திறக்கும்வரை, பிளாட்பார்மில், அதாவது மென்பொருள்கள் எல்லாம் ஓடும் அந்த ஏற்பாட்டில், ஒரு மாற்றமும் கூடாது. ரொம்ப அவசரம் என்றால் பிளான்ட் ஹெட்டிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். இந்த விதியைப் பற்றி அன்று உன்னிடம் பெருமையடித்தது ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் பொரிகடலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். விடுமுறைக்கு முன் கடைசி லாரிகளை அனுப்பும் நெருக்கடி. பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் மென்பொருள் மெமரி போதாமல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. லேபிள் இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது. பிளான்ட் ஹெட் பத்தடி தூரத்தில்தான் குடும்பத்தோடு நின்றார். போய்க் கேட்டிருக்கலாம். நானே போட்ட விதிக்கு நானே விலக்குக் கேட்பதா என்று ஒரு வீம்பு. 'ஒரு நிமிஷம்' என்று உங்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்து, லேப்டாப்பைத் திறந்து, அவசரத்துக்கென்று வைத்திருந்த அட்மின் கணக்கில் நுழைந்து, கையால் மெமரியைக் கூட்டிவிட்டேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்க வேண்டும் என்பதும் என் விதிதான். மற்ற இருவரும் வேறு வேலைக்குப் போன பிறகு யாருக்கும் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டிருந்தேன். லேபிள் ஓட ஆரம்பித்தது. நான் திரும்பி வந்ததும், "என்னப்பா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, சும்மா" என்று பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். எழுதி வைக்க மறந்தே போனேன்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று மஞ்சுளா முதல் திருத்தத்தைப் போட்டாள். புதிதாகத் திறந்த லோடிங் பகுதிக்கு ஒரு பிரிண்டர் முகவரி, அவ்வளவுதான். முறையாக எழுதினாள், இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னார், புரோகிராம் தன் வேலையைச் செய்தது. எழுதியிருந்தபடி எல்லாவற்றையும் மாற்றி வைத்தபோது நான் கையால் கூட்டிய மெமரியும் பழைய அளவுக்குப் போய்விட்டது. லேபிள் மென்பொருள் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. லாரிகள் சர்வீஸ் ரோடுவரை நின்றன. பாகம் வராமல் வாடிக்கையாளரின் உற்பத்தி லைன் நின்றுவிட்டது. திரையைப் பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது, தம்பி. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது லாரிகள் அல்ல. யாருக்கும் தெரியாது என்பதுதான் முதலில் வந்தது. மறுபடியும் கையாலேயே கூட்டி, ஓட விட்டு, 'சரி பண்ணியாச்சு' என்று அறிவித்தேன். சாயங்காலம், ஏதோ பொதுவான சுத்தப்படுத்தல் என்ற பெயரில் அதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் மீட்டிங். பிளான்ட் ஹெட் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியா யாரு கை வச்சது?" எல்லாத் தலையும் மஞ்சுளா பக்கம் திரும்பியது. அவள் எழுந்து, "நான்தான் சார். ஆனா பிரிண்டர் அட்ரஸ் மட்டும்தான் சார் மாத்தினேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். நான் வாயைத் திறந்தேன். "விடுங்க சார், சின்னப் பொண்ணு. தெரியாம நடந்துபோச்சு. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன். என் தவறுக்காக அவளை நான் மன்னித்தேன், தம்பி! வெளியே வந்ததும் ஒருவர் என் தோளைத் தட்டி, "ஜூனியரை விட்டுக்குடுக்காத மனுசன் சார் நீங்க" என்றார். நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் அதை வீட்டில் சொல்லி உன் அம்மாவிடமும் பாராட்டு வாங்கினேன். வெட்கம் என்பது எனக்கு அப்போது வரவில்லை, தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு போகவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் ஏஜென்சி அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. புகார் வந்த ஆளை வேறு கம்பெனிக்கும் அவர்கள் அனுப்பவில்லை. விடைபெற என் மேசைக்கு வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், "வேலையில நிதானம் முக்கியம்மா" என்று புத்தி சொன்னேன். "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

நீ இப்போது ஒரு டீமுக்குத் தலைவனாகியிருக்கிறாய். எங்காவது ஏதாவது உடைந்தால் 'யார்' என்று முதலில் கேட்காதே. கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்கும் அறையில், அதற்கு முன்னால் தொட்டவன் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அட்மின் கணக்கு மாதிரியான அவசரச் சாவியை ஒருவன் கையில் மட்டும் விட்டுவைக்காதே, அந்த ஒருவன் நீயாக இருந்தால் கட்டாயம் விடாதே. அதைத் திறந்தால் டீமில் எல்லோருக்கும் மணி அடிக்கும்படி வை. உங்கள் கம்பெனியில் இதற்கெல்லாம் நல்ல கருவிகள் இருக்கும். எங்களிடமும் இருந்தன, நான்தான் என்னை மட்டும் அவற்றுக்கு வெளியே நிறுத்திக்கொண்டேன்.

இதில் நீ எனக்கு எப்போதோ வழி காட்டியவன். நீ எட்டாவது படிக்கும்போது போர் மோட்டாரைப் போட்டுவிட்டு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டாய். தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டாரின் காயில் கருகிவிட்டது. கீழ் வீட்டில் குடியிருந்த சேலத்துக்காரர்கள்தான் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள் என்று நான் அவர்களிடம் சத்தம் போட்டேன். நீ ஓடி வந்து, "அப்பா, நான்தான்ப்பா" என்றாய். நான் உன்னை உள்ளே இழுத்து, "பேசாம இரு, இப்ப போய்ச் சொன்னா நமக்குத்தான் அசிங்கம்" என்றேன். நீ கேட்கவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் கீழே இறங்கிப் போய் அவர்களிடம் சொல்லிவிட்டாய். அதற்காக உன்னைத் திட்டினேன், ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிள்ளைக்குப் பிழைக்கத் தெரியவில்லையே என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். இப்படிப்பட்டவன்தான் உனக்கு இப்போது அறிவுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "எந்தப் பொண்ணுங்க அவசரக்காரி? அவரைக்காய் எடுத்துக்கிட்டு வந்து, நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போச்சே, அந்தப் பொண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது என்னங்க அவசரப்பட்டுச்சு? அன்னைக்கு நீங்களே விட்டுக்குடுக்கலன்னு சொன்னீங்க, இன்னைக்கு அது பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். மஞ்சுளா உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் என்றாவது ஒரு டீ நேரத்தில் இந்தக் கதை உன் காதுக்கு வந்துவிடும், அந்தப் பயத்தில்தான் வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை பிளான்ட் ஹெட்டைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். "இப்ப எதுக்கு சார் இதத் தோண்டறீங்க? அந்தப் பொண்ணும் போயிடுச்சு. நீங்களும் அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப்போறீங்க" என்றார். அதே ஆட்களை அதே அறைக்கு வரச்சொல்லிக் கேட்டேன், சரி என்றார். எழுந்து நின்று சொன்னேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தட்டியவர், "அட விடுங்க சார், யாருக்கு வேணா நடக்கறதுதான்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு நடந்தால் யாருக்கு வேண்டுமானாலும் நடப்பது, அவளுக்கு நடந்தால் வேலை போகிற குற்றம் என்று அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. ஏஜென்சிக்குக் கம்பெனி பெயரில் உண்மையை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அனுப்பும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அட்மின் கணக்கை அன்றே டீமிடம் ஒப்படைத்துவிட்டேன்.

நேற்று பஸ் பிடித்துத் தளிக்குப் போனேன். மஞ்சுளாவின் அப்பா குடைமிளகாய்ப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று சொன்னதும், "பொண்ணுக்கு வேல கத்துக்குடுத்த சாரா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்ல வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மஞ்சுளா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அந்த மெமரி நான் கையால் மாற்றியது, உன்மேல் தவறே இல்லை, தெரிந்துதான் மீட்டிங்கில் உன்னைக் குற்றவாளியாக நிற்க வைத்தேன் என்று சொன்னேன்.

அவள் அதிரவில்லை. "தெரியும் சார்" என்றாள்.

"எப்படிம்மா?"

"விழுந்த உடனே பாத்தேன் சார். எழுதியிருந்தது ஒண்ணு, அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்தது வேற. யாரோ கையில மாத்தியிருக்காங்க. அந்தக் கணக்கு உங்ககிட்ட மட்டும்தான இருந்துச்சு."

"அப்ப மீட்டிங்ல ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார்."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். மீட்டிங்கில் என்னைப் பார்த்தாளே, விடைபெற வந்து என் மேசை முன்னால் நின்றாளே, அப்போதெல்லாம் அதற்காகத்தான் நின்றிருக்கிறாள். மன்னித்துவிடம்மா என்றேன். "அதெல்லாம் பெரிய வார்த்தை சார். எனக்கு இப்ப வேலதான் வேணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பெங்களூர்ல ஒரு எடத்துல இன்டர்வியூ நல்லா பண்ணியிருக்கேன். உங்க பேரத்தான் சார் குடுத்திருக்கேன். கூப்ட்டு விசாரிப்பாங்க. வேற யார் பேரக் குடுக்கறது, உங்ககிட்ட மட்டும்தான வேல பாத்திருக்கேன். நல்லபடியா சொல்லுங்க சார்" என்றாள்.

அது உங்கள் கம்பெனிதான் என்றும், கூப்பிட்டு விசாரித்தாகிவிட்டது என்றும், நான் என்ன சொன்னேன் என்றும் அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை, தம்பி. அவளுடைய அப்பா பக்கத்தில் நின்று சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்மணி, யாராவது தவறிவிட்டார்களா என்று தெலுங்கில் கேட்டார்.

சொல்ல முடியாமல் விட்ட அந்தப் பாதியும் இதோ இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உனக்கு அனுப்புவதற்கு முன்பே இதை அவளுக்கு அனுப்பிவிடுவேன். படித்துவிட்டு அவள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உன்னிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேச உனக்குக் கொஞ்சம் நாளாகும், அது எனக்குத் தெரியும். உன் மேலாளரிடம் மட்டும் அப்பா சொன்னது பொய் என்று அந்த வார்த்தையிலேயே சொல். மரியாதைக்காக அதை மெதுவாக்கிச் சொல்லாதே.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். மஞ்சுளாவை எடுத்துக்கொள். அவளைப் போல் கவனமாக வேலை பார்த்தவர் என் டீமில் இருந்ததில்லை. ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன். நீயும் ஒருநாள் அவள் முன்னால் தவறு செய்வாய், இந்த வேலையில் செய்யாதவர் கிடையாது. அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். ஒன்றும் சொல்லாமல், நீயே சொல்வாய் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளைக் காக்க வைக்காதே.

அப்பா